பார்க்கும் காடு, வாழும் காடு: நஞ்சன்கூட்டுச் சாலையிலிருந்து ஒரு வரலாறு

காட்டுயிர்களைப் பொறுப்புடன் காண்பது எப்படி என்று இன்று பேசுவோர் பெரும்பாலும் சில விதிகளைச் சொல்வர். தொலைவு காக்க வேண்டும். உணவு இடக் கூடாது. ஓசை எழுப்பக் கூடாது. கூட்டைப் படமெடுக்கக் கூடாது. இவை அனைத்தும் சரியே. ஆயினும், இவ்விதிகள் அண்மைக் காலத்தில் மேலைநாட்டுச் சூழலியலிலிருந்து இறக்குமதியானவை என்னும் எண்ணம் நம் வகுப்பறைகளிலும் கருத்தரங்குகளிலும் கேள்விக்கு உட்படாமலே நிலவுகிறது. மைசூரையும் அதன் தெற்கே 25 கிலோமீட்டர் அளவில் கபிலைக் கரையில் அமைந்த நஞ்சன்கூட்டையும் மையமாகக் கொண்டு பார்த்தால் இவ்வெண்ணம் நிற்காது என்பதே இப்பதிவின் வாதம். இவ்வட்டாரத்தில் விலங்கைப் 'பார்த்தல்' என்பதற்கு ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு எழுத்துச் சான்று உள்ளது. அதனுள் ஒன்றுக்கொன்று முரண்படும் மூன்று மரபுகள் இருக்கின்றன.

இந்தக் கேள்வி வெறும் அறிவுத்துறை ஆர்வத்தால் எழுந்ததன்று. 2025 நவம்பர் 7 அன்று பந்திப்பூர், நாகரஹொளெ ஆகிய இரு புலிகள் காப்பகங்களிலும் சஃபாரியை நிறுத்துமாறு கர்நாடக வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே உத்தரவிட்டார். சரகூர் வட்டாரத்தில் புலி தாக்கி உழவர்கள் அடுத்தடுத்து உயிரிழந்ததே காரணம். சஃபாரி வண்டிகளின் இரைச்சலும் விளக்கொளியும் புலிகளைக் காட்டிலிருந்து வயலுக்குத் துரத்துகின்றன என்பது உழவர் இயக்கங்களின் குற்றச்சாட்டு. சூழலியலாளர் பலர் அதனை ஏற்கவில்லை. இரு தரப்பின் சொற்களையும் வரலாற்று மாணவன் என்ற நிலையில் படித்தபோது, அவர்கள் பேசுவது புலியைப் பற்றி மட்டுமன்று என்று தோன்றியது. யார் பார்க்கிறார், யார் பார்க்கப்படுவதன் விலையைக் கொடுக்கிறார் என்னும் பழைய கணக்கு அதில் இருக்கிறது. அக்கணக்கை நூற்றைம்பது ஆண்டு பின்னே சென்று தொடங்க வேண்டும்.

முதலில் ஊரைப் பற்றி. நஞ்சன்கூடு என்னும் பெயரைத் தமிழர் விளக்கமின்றியே புரிந்துகொள்வர். நஞ்சு உண்டவன் உறையும் கூடு. இருமொழிக்கும் பொதுவான வேர். இங்குள்ள ஸ்ரீகண்டேசுவரர் கோயிலைச் சுற்றி வழங்கும் கதைகளுள் ஒன்று, திப்பு சுல்தானின் பட்டத்து யானைக்குப் பார்வை மங்கியபோது இங்கே வேண்டிக்கொண்டதால் அது குணமடைந்தது என்பதாகும். அதனால் திப்பு இறைவனை 'ஹகீம் நஞ்சுண்டா' என அழைத்தார் என்றும் மரகதலிங்கம் ஒன்றை நிறுவச் செய்தார் என்றும் கூறுவர். கதையின் மெய்ம்மையை இங்கே ஆராயப் போவதில்லை. யானையின் கண் என்பது இவ்வூரின் நினைவில் இவ்வளவு பெரிய இடம் பெற்றிருப்பது, பார்வையைப் பற்றிய கட்டுரைக்குத் தற்செயலாய் அமைந்த நல்ல தொடக்கம், அவ்வளவே. மற்றொன்று, இங்குக் கபிலையின் குறுக்கே தளவாய் தேவராஜர் 1735இல் கட்டிய கல்பாலம். பிற்காலத்தில் இருப்புப்பாதையும் இதன்மீதே சென்றது. மைசூரிலிருந்து குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாக உதகைக்கும், சுல்தான் பத்தேரி வழியாகக் கோழிக்கோட்டுக்கும் செல்லும் சாலை நஞ்சன்கூட்டைத் தொட்டே செல்கிறது. மன்னரின் வேட்டைக் குழு, ஆங்கில அதிகாரி, இன்றைய சுற்றுலாப் பயணி ஆகிய அனைவரும் இவ்வழியே காட்டுக்குச் சென்றனர். இவ்வட்டத்தின் தென்மேற்குப் பகுதியான ஹெடியாலா இன்று பந்திப்பூர்க் காப்பகத்தின் ஒரு சரகம். ஆகவே நஞ்சன்கூட்டுக்காரர்களுக்குக் காடு ஊரின் விளிம்பிலேயே இருப்பது.

முதல் மரபு, அரங்கு அமைத்துக் காணும் மரபு. இதன் தொடக்கத்தில் ஜி.பி. சாண்டர்சன் நிற்கிறார். மைசூர் அரசின் பாசனக் கால்வாய்களுக்குப் பொறுப்பாளராக இருந்த இவ்வாங்கிலேயர், 1873–74இல் சாமராஜநகர் அருகே யானைக் கூட்டத்தை மொத்தமாக வளைத்துப் பிடிக்கும் 'கெட்டா' முறையை இங்கே முதன்முதலில் வெற்றிகரமாக நடத்தினார். தமிழகத்தின் ஆனைமலைப் பகுதியில் குழிவெட்டிப் பிடிக்கும் வழக்கமே இருந்தது. குழியில் விழுந்த யானைகள் காயம்பட்டு இறப்பது மிகுதி. வங்காளத்தில் வழங்கிய வளைப்பு முறையைச் சாண்டர்சன் மைசூர் நிலத்துக்கு ஏற்ப மாற்றினார். ஹைதர் அலி இம்முயற்சியில் ஒருமுறை தோற்றதாகவும், இனி எவரும் முயல வேண்டாம் என்று கல்லில் எழுதி வைத்ததாகவும் அவர் தம் நூலில் குறிப்பிடுகிறார். 'இந்தியக் காட்டு விலங்குகளிடையே பதின்மூன்று ஆண்டுகள்' என்னும் பொருள்படும் அந்நூல் 1878இல் வெளிவந்தது. யானையின் குணம், உணவு, கூட்ட அமைப்பு பற்றிய அவருடைய அவதானிப்புகள் இன்றும் படிக்கத் தக்கவை. யானையின் அறிவாற்றல் குறித்து அக்காலத்தில் வழங்கிய மிகைக் கதைகள் பலவற்றை அவர் மறுத்தார். அதே நூலில் அவர் சுட்டு வீழ்த்திய விலங்குகளின் கணக்கும் உண்டு. கூர்ந்து காண்பதும் கொல்வதும் ஒரே மனிதரிடம் முரணின்றி இணைந்திருந்த காலம் அது. இதை இன்றைய அறத்தைக் கொண்டு தீர்ப்பிடுவதைவிட, அந்த இணைப்பு எப்போது எங்கே அறுந்தது என்று தேடுவதே பயன் தரும்.

கெட்டா விரைவிலேயே பிடிக்கும் தொழிலாக மட்டும் இல்லாமல் காட்சியாகவும் ஆயிற்று. கபினிக் கரையில் காகனகோட்டை என்னும் இடம் அதன் மேடையாக அமைந்தது. நதியின் மறுகரையிலிருந்து யானைக் கூட்டத்தை ஓட்டிவந்து, நீரைக் கடக்கச் செய்து, அகழியும் மரவேலியும் சூழ்ந்த அடைப்புக்குள் புகுத்துவர். அந்நதி கடக்கும் தருணமே காட்சியின் உச்சம். அதற்கென விருந்தினருக்கு உயர்ந்த இருக்கைகள் அமைக்கப்பட்டன. 1906இல் வேல்ஸ் இளவரசராக இருந்து பின்னர் ஐந்தாம் ஜார்ஜ் ஆனவர் இங்கு வந்து கண்டார். மைசூர் அரசுக்கு இது ராஜதந்திரம். தசராவில் அம்பாரி சுமக்கும் யானைகள் நகரத்தில் காட்டிய பெருமையைக் காகனகோட்டை காட்டில் காட்டியது.

இந்தக் காட்சியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்வையாளர் அமைதியாக இருக்க வேண்டும், வெளிர்நிற உடை தவிர்க்க வேண்டும், குறிப்பிட்ட நேரத்துக்கு முன் அசையக் கூடாது என்பன போன்ற ஒழுங்குகள் இத்தகைய காட்சிக்கு இன்றியமையாதவை. சற்றே ஓசை எழுந்தாலும் கூட்டம் திரும்பிவிடும். ஆகவே வெளித்தோற்றத்தில் இதுவும் கட்டுப்பாடுள்ள காட்சியே. ஆனால் அக்கட்டுப்பாடு எதற்காக? விலங்கின் நலனுக்காக அன்று, காட்சி கெடாதிருப்பதற்காக. இன்றைய சஃபாரியில் 'சத்தம் போடாதீர்கள்' என்று ஓட்டுநர் சொல்லும்போது, புலி தொல்லைப்படும் என்பதற்காகச் சொல்கிறாரா, புலி மறைந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறாரா? சொல் ஒன்றே, நோக்கம் வேறு. இவ்வேறுபாடு எனக்கு முதன்மையாகப் படுகிறது.

கூட்டத்தை வளைத்தவர்கள் யார்? ஜேனு குருபரும் காடு குருபரும். நீலகிரிப் பக்கத்தில் நாம் காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர் என்று அறியும் மக்களின் உறவினர். யானையின் தடம், மணம், மனநிலை ஆகியவற்றை அறிந்து, ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டில் கூட்டத்தைக் கலையாமல் நகர்த்தியவர்கள் இவர்களே. அரங்கில் அமர்ந்தவர் கண்டது சில நிமிடம். இவர்கள் வாரக்கணக்கில் கண்டனர். விருந்தினர் பெயர்கள் புகைப்படங்களின் அடியில் இருக்கின்றன. யானை ஓட்டியவர்கள் பெரும்பாலும் தொகைப் பெயராகவே குறிக்கப்படுகின்றனர்.

இக்காட்சி உலகத் திரைக்கும் சென்றது. ராபர்ட் ஃபிளாஹர்ட்டியும் ஸோல்டான் கோர்டாவும் இயக்கிய 'எலிபன்ட் பாய்' (1937) மைசூரில் படமாக்கப்பட்டது. அரசின் யானைக் கொட்டிலில் வளர்ந்த, காராப்பூரில் பிறந்த சாபு என்னும் சிறுவன் அதன்வழி உலகப் புகழ் பெற்றான். கடைசிக் கெட்டா 1971இல் நடந்தது. அடுத்த ஆண்டே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1970களில் கபினி அணை எழுந்தபோது காகனகோட்டையின் நிலம் நீரில் மூழ்கியது. இன்று கோடையில் நீர் வடியும்போது வெளிப்படும் புல்வெளிக்கு நூற்றுக்கணக்கான யானைகள் இறங்கி வருகின்றன. ஆசியாவில் யானைக் கூட்டங்களை இவ்வளவு எளிதாகக் காணத்தக்க இடங்கள் மிகச் சில. அதன் கரையில், காராப்பூரில், பழைய வேட்டை மாளிகையை மையமாகக் கொண்டு 'ஜங்கிள் லாட்ஜஸ்' நிறுவனத்தின் கபினி விடுதி அமைந்தது. 1980இல் கர்நாடக அரசு நேபாளத்தின் 'டைகர் டாப்ஸ்' நிறுவனத்தோடு கூட்டாக இதைத் தொடங்கியது. அந்த நேபாள விடுதியில், இரையைக் கட்டிவைத்துப் புலியை வரவழைத்துக் காட்டும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மைசூரின் சஃபாரி இவ்வாறு கெட்டா நடந்த அதே கரையில், அரச மாளிகையின் கூரையின்கீழ்ப் பிறந்தது. இதை அவதூறாகச் சொல்லவில்லை. அந்நிறுவனத்தில் பணியாற்றிய இயற்கையியலாளர்கள் பலர் நேர்மையான கண்காணிப்பு மரபொன்றை உருவாக்கினர். ஆனால் இடமும் கட்டடமும் விருந்தினரின் இருக்கையும் தொடர்ந்து வந்தவை என்பது உண்மை.

பந்திப்பூரின் கதையும் இதற்கு அணுக்கமானதே. 1931இல் மைசூர் மன்னர் இங்கே சுமார் 90 சதுர கிலோமீட்டரைச் சரணாலயமாக ஒதுக்கினார். 1941இல் அது சுமார் 800 சதுர கிலோமீட்டராக விரிந்து, ஹிமவத் கோபாலசுவாமி மலைக் கோயிலின் இறைவன் பெயரால் வேணுகோபால வனவிலங்குப் பூங்கா ஆயிற்று. எல்லைக்கு இப்பால் முதுமலை 1940இல் காப்பிடமானது. 1973இல் புலிகள் திட்டம் தொடங்கியபோது முதல் ஒன்பது காப்பகங்களுள் பந்திப்பூரும் ஒன்று.

இரண்டாம் மரபு, குறிப்பேட்டு மரபு. 1939–40இல் சாலிம் அலி மைசூர் சமஸ்தானத்தின் பறவைகளைக் கணக்கெடுத்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே காவிரியில் உள்ள சிறு தீவுகளில் நீர்ப்பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டுவதைக் கண்டு, அவற்றைக் காக்குமாறு அரசரிடம் எடுத்துரைத்தார். 1940இல் ரங்கனதிட்டு சரணாலயம் ஆயிற்று. அத்தீவுகள் இயற்கையாக மட்டும் அமைந்தவை அல்ல. கண்டீரவ நரசராஜர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காவிரியின் குறுக்கே கட்டிய அணைக்கட்டினால் நீர் தேங்கிப் பிறந்தவை. பாசனம் உருவாக்கிய நிலத்தில் பறவைகள் குடியேறின, பறவையியலாளர் அதைக் கண்டார், அரசர் காத்தார். முழுச் சரணாலயமும் ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

ரங்கனதிட்டில் பார்வையாளர் துடுப்புப் படகில் செல்கிறார். இயந்திர ஓசை இல்லை. பறவைகள் பல பத்தாண்டுகளாகப் படகுக்குப் பழகிவிட்டமையால், வண்ண நாரையையும் கரண்டிவாயனையும் நத்தைகுத்தி நாரையையும் பாறைமேல் கிடக்கும் முதலையையும் வியத்தகு அண்மையில் காணலாம். இந்த அண்மையே சிக்கலும் ஆகும். நீண்ட குவியத்தூர ஒளிப்படக் கருவி பரவிய பின், படகோட்டியிடம் 'இன்னும் கொஞ்சம் அருகே' என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகளிடம் ஒரு தனித்தன்மை உண்டு: பெற்ற பறவை சில நிமிடம் எழுந்து விலகினாலே வெயிலும் காகமும் முட்டையை, குஞ்சைக் கெடுத்துவிடும். ஆகவே பறவை எழுந்துவிட்டால், நம் பார்வை எல்லை மீறிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. மீட்டர் கணக்குத் தெரியாதவருக்கும் இது தெரியும்.

இம்மரபில் தமிழருக்குத் தனிப்பெருமை தருபவர் மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் இறக்கும் வரை காட்டுயிர்ப் பத்தி எழுதினார்; தமிழிலும் எழுதினார். முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் யானைகளைக் கருப்புவெள்ளையில் படமெடுத்தார். நேரு ஆய்வுதவித்தொகை பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த கள ஆய்வு 1975இல் நூலாயிற்று. கிருஷ்ணனைப் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் காணலாம்: அவர் அரிய விலங்கைத் தேடி ஓடியவர் அல்லர். வீட்டு முற்றத்துக் காகமும் அணிலும் அவருக்குப் புலிக்குக் குறைந்தவை அல்ல. 'சஃபாரிக்குப் போனேன், ஒன்றும் தெரியவில்லை' என்று இன்று பயணிகள் சொல்வதன் பொருள் புலி தெரியவில்லை என்பதுதான். காட்டெருதும் புள்ளிமானும் கழுகும் அந்த 'ஒன்றும்' என்பதற்குள் அடங்கிவிடுகின்றன. நம் ஆய்வுத்துறையில்கூடப் புலியைப் பற்றிய கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பு வேறு எதற்கும் கிடைப்பதில்லை என்பதை இடையே சொல்லிவைக்கிறேன்.

குறிப்பேட்டு மரபின் அடுத்த கட்டம் நாகரஹொளெயில் நிகழ்ந்தது. உல்லாஸ் கரந்த் 1990களின் தொடக்கத்தில் தானியங்கி ஒளிப்படக் கருவிகளைக் காட்டுத் தடங்களில் பொருத்தி, புலியின் வரிகளைக் கொண்டு தனித்தனியே அடையாளம் கண்டு எண்ணிக்கையை மதிப்பிடும் முறையை இங்கே வளர்த்தார். பார்ப்பவர் அங்கே இல்லாமலே பார்ப்பது என்பது இதனால் இயன்றது. இன்று நாடு முழுவதும் புலிக் கணக்கெடுப்புக்கு இதுவே அடிப்படை. 2022 மதிப்பீட்டின்படி கர்நாடகத்தில் 563 புலிகள். பந்திப்பூரில் 150, நாகரஹொளெயில் 141.

மூன்றாம் மரபைப் பற்றி எழுத வேண்டும் என்பதற்காகவே இப்பதிவைத் தொடங்கினேன். மைசூரிலிருந்து பெங்களூரு செல்லும் வழியில், மத்தூர் வட்டத்தில் ஷிம்ஷா ஆற்றங்கரையில் கொக்கரெபெள்ளூர் என்னும் சிற்றூர் உள்ளது. 'கொக்கரெ' என்பது நம் கொக்கின் உடன்பிறப்புச் சொல். இவ்வூரில் கூழைக்கடாவும் வண்ண நாரையும் வீட்டுக் கூரைகளுக்கு மேலேயே, புளிய மரங்களிலும் அத்தி இன மரங்களிலும் கூடு கட்டுகின்றன. 1976இல் வனத்துறை அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹால் இக்குடியிருப்பைக் கண்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் அறிவித்தார். 'கண்டுபிடிப்பு' என்ற சொல் அறிவியலுக்குச் சரி. ஊர்க்காரர்களுக்கு அது தலைமுறைகளாகத் தெரிந்த செய்தி. 19ஆம் நூற்றாண்டிலேயே டி.சி. ஜெர்டன், கர்நாடகப் பகுதிச் சிற்றூர் ஒன்றின் நடுவே மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்ததைக் குறித்திருக்கிறார்.

பறவைகளைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்ணாக இவ்வூர் மக்கள் கருதுகின்றனர் என்று பலரும் எழுதியுள்ளனர். இந்த உவமையைச் சுற்றுலா விளம்பரங்கள் மிகவும் விரும்புகின்றன. நான் இதன் பொருளியலையே வலியுறுத்துவேன். எச்சம் வயலுக்கு எரு. ஆனால் கூடுள்ள புளிய மரத்தில் காய் பறிக்க இயலாது. பறித்தால் குஞ்சு விழும். எருவின் ஆதாயமும் புளியின் இழப்பும் ஒரே மரத்தில் தொங்குகின்றன. வனத்துறை பின்னர் அப்புளிய மரங்களுக்கு ஈட்டுத்தொகை வழங்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பொறுப்பு என்பது இங்கே ரூபாயாகவும் படி கணக்காகவும் அளக்கப்படுகிறது.

தமிழகத்தில் இதன் இணை வேடந்தாங்கல். வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் எதிர்த்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு எழுத்துறுதியான கௌல் ஒன்றை வழங்கினார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு வளம் என்பதே இங்கும் அடிப்படை. ஆகவே, சென்னைக்கு அருகிலுள்ள ஓர் ஊர் அரசாங்கத்திடம் பறவைப் பாதுகாப்பு ஆவணத்தை வாங்கியபோது, அமெரிக்காவில் எல்லோஸ்டோன் பூங்கா (1872) பிறக்க இன்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன.

நஞ்சன்கூட்டு வட்டத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹதினாறு என்னும் ஊரின் ஏரிக்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் வரித்தலை வாத்துகள் வருகின்றன. மங்கோலிய, திபெத்தியப் பீடபூமிகளிலிருந்து இமயத்தைத் தாண்டி வருபவை. திருநெல்வேலியின் கூந்தன்குளத்துக்கும் இவை வருவதால் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்களுக்குப் பழக்கமானவையே. இவை ஏரியில் ஓய்ந்து, சுற்றியுள்ள வயல்களில் மேயும். ஆகவே இவற்றைக் காண்பதற்கு நுழைவுச்சீட்டு இல்லை; கோபுரம் இல்லை; ஆனால் வாத்தைப் பார்க்க வருபவர் நிற்பது பெரும்பாலும் ஓர் உழவரின் வரப்பில். படத்துக்காக வாத்துக் கூட்டத்தை எழுப்பிப் பறக்கவிடுவது இத்தகைய ஏரிகளில் நிகழும் தீங்குகளுள் ஒன்று. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை, திரும்பும் பயணத்துக்குக் கொழுப்பைச் சேர்க்கும் மாதங்களில் வீணாக இறக்கையடிக்க வைக்கப்படுகிறது.

இம்மூன்றையும் இப்போது சேர்த்து நோக்கலாம். முதல் மரபில் காண்பவருக்கும் காணப்படும் விலங்குக்கும் இடையே இழப்பு ஏதுமற்ற இருக்கை ஒன்று உண்டு. இரண்டாம் மரபில் காண்பவர் நேரத்தைக் கொடுக்கிறார். மூன்றாம் மரபில் காண்பவர் அன்றாடம் அதனோடு வாழ்கிறார், விலையும் கொடுக்கிறார். இன்றைய சஃபாரி தன்னை இரண்டாம் மரபின் வாரிசாக அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அமைப்பில் முதல் மரபையே தொடர்கிறது. மூன்றாம் மரபு அதன் கணக்கிலேயே வருவதில்லை. இது என் கருத்து. மறுப்போர் சான்றுடன் மறுக்கலாம்.

சட்டம் இதனைச் சரிசெய்ய முயன்றதுண்டு. 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவை இடைக்காலமாகத் தடைசெய்தது. அக்டோபரில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறைகள் அறிவிக்கப்பட்ட பின் தடை நீங்கியது. மையப் பகுதியில் அதிகம் போனால் 20 விழுக்காட்டுக்குள் மட்டுமே சுற்றுலா. விலங்கிலிருந்து 20 மீட்டருக்குக் குறையாத தொலைவு. வண்டிகளுக்கிடையே 50 மீட்டர். ஒரு வண்டி ஒரு விலங்கின் அருகே 15 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. கவர்ந்திழுத்தலும் உணவிடுதலும் கூடாது. பந்திப்பூரில் சஃபாரி வரவேற்பிடம் காட்டுக்குள்ளிருந்து மேலுகாமனஹள்ளிக்கு மாற்றப்பட்டதும் இவ்வகைத் திருத்தமே. நெறிமுறைகள் நல்லவை. ஆயினும், ஒரு வண்டி புலியைக் கண்டதும் செய்தி பிற வண்டிகளுக்குப் பரவி, பத்து வண்டிகள் ஒரே வளைவில் கூடும்போது 50 மீட்டரை யார் அளப்பது?

காட்டின் ஊடே செல்லும் பொதுச்சாலை இன்னொரு பிரச்சினை. நஞ்சன்கூட்டைக் கடந்து செல்லும் தேசிய நெடுஞ்சாலை 766இல், பந்திப்பூர்ப் பகுதியில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை உள்ளது. சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் பிறப்பித்த இத்தடையை 2010இல் கர்நாடக உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. வயநாட்டு மக்களுக்கு இதனால் உண்மையான இடர் உண்டு. அவர்களுடைய எதிர்ப்பைக் காட்டுக்கு எதிரான குரலாக மட்டும் ஒதுக்குவது நேர்மையன்று. ஆனால் இரவில் மான்களும் சிறுத்தைகளும் வண்டியில் அடிபட்டு இறந்த காலத்தை ஒப்பிட்டால் தடையின் பயன் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. பகலில் நிலைமை வேறு. பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் 2025 ஆகஸ்டில் வண்டியிலிருந்து இறங்கி யானையுடன் தற்படம் எடுக்க முயன்ற பயணி ஒருவர் யானையால் மிதிபட்டு, உயிர் தப்பினார். வனத்துறை அவருக்கு 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. தாளவாடிப் பக்கம் ஆசனூர்ச் சாலையில் கரும்பு லாரிகளை யானைகள் மறித்து நிற்பது நமக்குப் பழகிய காட்சி. அதைப் படம்பிடித்துச் சிரிக்கிறோம். கரும்பை வீசியெறிந்து வழி கேட்ட முதல் ஓட்டுநர்தான் அந்த யானைக்கு ஆசிரியர்.

நகரத்தை ஒட்டிய காட்டுயிர்ப் பார்வை என்றால் உலகில் முதலில் நினைவுக்கு வருவது நைரோபி. 1946இல் காலனி ஆட்சி அமைத்த நைரோபி தேசியப் பூங்கா, சுமார் 117 சதுர கிலோமீட்டர். சிங்கத்துக்குப் பின்னே வானுயர் கட்டடங்கள் தெரியும் புகழ்பெற்ற படங்கள் அங்கே எடுக்கப்பட்டவை. நகரப் பக்கம் வேலி உண்டு. தெற்குப் பக்கம் திறந்திருக்கிறது. வரிக்குதிரையும் காட்டுமாடும் அத்திறப்பின் வழியே மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலத்துக்குப் போய்வருகின்றன. அந்நிலம் வேலியிடப்பட்டு மனையாகிவிட்டால் பூங்கா ஒரு பெரிய விலங்குக்காட்சிச் சாலையாகச் சுருங்கும். இதை உணர்ந்து, வேலியிடாமலிருக்க நில உரிமையாளருக்குக் குத்தகைத் தொகை வழங்கும் திட்டம் அங்கே நடத்தப்பட்டது. கொக்கரெபெள்ளூரின் புளியமர ஈட்டுத்தொகையும் இதுவும் ஒரே தருக்கம். வேறுபாடு அளவில்தான்.

மைசூரின் நிலைமை சில வகைகளில் நைரோபியைவிடச் சிக்கலானது, ஏனெனில் இங்கே நகரத்துக்கும் காட்டுக்கும் இடையே வேலியே இல்லை. கரும்பு வயல்கள் உள்ளன. 2024இன் கடைசி நாளன்று மைசூர் இன்ஃபோசிஸ் வளாகத்துக்குள் சிறுத்தை தென்பட்டதால் ஊழியர்கள் வீட்டிலிருந்தே பணியாற்றும்படி அறிவுறுத்தப்பட்டனர். தி. நரசிபுர வட்டத்தில் 2022–23இல் சிறுத்தை தாக்கி மனிதர்கள் இறந்தனர். சிறுத்தைக்குக் கரும்பு வயல் ஒரு வகைக் காடே. மென்பொருள் வளாகத்தின் சிறுத்தை தேசியச் செய்தியானது. கரும்பு வயலின் சிறுத்தை உள்ளூர்ச் செய்தியோடு நின்றது.

இந்தப் பின்னணியில் 2025 நவம்பர் உத்தரவுக்குத் திரும்புகிறேன். சஃபாரி வண்டிகளே புலியை வயலுக்குத் துரத்துகின்றன என்னும் வாதம், எனக்குத் தெரிந்தவரை, வலுவான சான்றின்மீது நிற்கவில்லை. எண்ணிக்கை பெருகிய காப்பகத்தில் முதிய புலிகளும் இடமற்ற இளம் புலிகளும் விளிம்புக்குத் தள்ளப்படுவதும், விளிம்பில் கால்நடைகள் எளிய இரையாகக் கிடைப்பதும் அதைவிடப் பொருத்தமான விளக்கம். ஆனால் ஹெடியாலாவிலோ சரகூரிலோ உள்ள உழவர் சொல்வதை உயிரியல் கூற்றாக மட்டும் எடுத்து மறுத்துவிட்டால், அவர் சொல்வதன் பாதியைக் கேட்காமல் விடுகிறோம். காட்டுக்குள் விறகு பொறுக்க, மாடு மேய்க்க அவருக்குத் தடை. அதே காட்டுக்குள் வண்டி வண்டியாக வெளியூரார் செல்கின்றனர். அவர்கள் புலியைக் கண்டால் அது நற்பேறு. அவர் கண்டால் அது மரணம். இந்தச் சமமின்மையைச் சொல்ல அவரிடம் இருந்த மொழி 'சஃபாரியை நிறுத்து' என்பது. வன ஊழியர்கள் சஃபாரியிலிருந்து விடுவிக்கப்பட்டுப் புலியைத் தேடும் பணிக்கு அனுப்பப்பட்டனர் என்ற செய்தியில் உழவரின் வாதத்துக்கு ஒரு மறைமுக ஒப்புதலும் இருக்கிறது: ஆள்கள் எங்கே இருந்தார்கள் என்பது அதில் வெளிப்பட்டது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கெட்டா பற்றிய ஆய்வுகள் அரசரையும் விருந்தினரையும் யானைகளையும் எண்ணிவிட்டன. யானை ஓட்டிய குருபர் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் யானை முகாம்களில் பாகர்களாக இருக்கின்றனர். சிலர் சஃபாரி வண்டிகளில் வழிகாட்டிகள். காகனகோட்டையை அவர்கள் எப்படி நினைவுகொள்கின்றனர் என்று கன்னடமும் ஜேனு குருபர் மொழியும் அறிந்தவர் யாரேனும் வாய்மொழி வரலாறாகத் தொகுத்தால், இம்மூன்று மரபுகள் என்ற என் பகுப்பே தவறாகவும் இருக்கக்கூடும். ஏனெனில் அம்மக்கள் அரங்கிலும் இருந்தனர், குறிப்பேட்டிலும் தகவல் தந்தனர், காட்டிலும் வாழ்ந்தனர். அவர்களுள் முதியோர் பலர் எண்பதைக் கடந்தவர்கள். பணியை அடுத்த கோடைக்கு ஒத்திவைக்க நேரமில்லை.